இரண்டு விரற்கடை

மே 19, திங்கள்

இந்த நோட்டு அலுவலகத்தில் கொடுத்தது. அட்டையில் 'களப்பணிக் குறிப்பேடு' என்று அச்சிட்டிருக்கிறது. உள்ளே நான்கு கட்டம்: தேதி, ஊர், சந்தித்தவர்கள், பேசியது. நான் நிறையப் பேரைச் சந்திக்கிறேன். பேசுவதுதான் இல்லை. நான்காவது கட்டம் காலியாகவே கிடப்பதைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது. அதனால் அறிக்கையைத் தனித்தாளில் எழுதி அனுப்பிவிட்டு நோட்டை நான் வைத்துக்கொண்டேன்.

இன்று நான் பேசியது மொத்தம் ஐந்து வாக்கியம். அதில் இரண்டு, கொடியில் காய்ந்த என் துப்பட்டாவைத் தின்ன வந்த ஆட்டிடம்.

மேல்சுனையில் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. ஆறாவது படிக்க அடிவாரத்துக்கு இறங்க வேண்டும். பதினொரு கிலோமீட்டர் காட்டுப் பாதை, நடுவில் ஓடை, ஓடைக்குப் பக்கத்தில் யானைத் தடம். இப்படிப் படிப்பை நிறுத்தியவர்கள் பதினொரு பிள்ளைகள். கிலோமீட்டருக்கு ஒரு பிள்ளை என்று அலுவலகத்தில் ஒருவர் வேடிக்கையாகச் சொன்னார். இவர்களுக்கு ஒரு ஜீப் ஏற்பாடு செய்யத்தான் எங்கள் தொண்டு நிறுவனம் என்னை ஆறு மாதத்துக்கு இங்கே அனுப்பியிருக்கிறது.

ஜீப் கிடைத்துவிட்டது. ஒச்சம்மா அக்காவுடையது. வரும் 30ஆம் தேதி கல்வி அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து அதில் ஏறி இறங்கிப் பார்ப்பார். அவர் கையெழுத்துப் போட்டால் ஜூன் 2, பள்ளி திறக்கும் நாள் முதல் ஜீப் ஓடும். போடாவிட்டால் இந்த வருடம் கிடையாது. அடுத்த வருடத்துக்குள் பதினொருவரில் பாதிப் பேர் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போயிருப்பார்கள்.

மதுரைக் கடிதம் வந்துவிட்டது. கம்பெனி அலுவலகத்தில் கணினி முன் உட்காரும் வேலை. ஏசி அறை. யாரிடமும் பேச வேண்டாம். 'சம்மதம்', 'சம்மதமில்லை' என்று இரண்டு கட்டத்தில் ஒன்றில் டிக் போட்டு மே 31க்குள் அனுப்ப வேண்டும். நாளை அனுப்பிவிடுகிறேன்.

மே 20, செவ்வாய்

அடிவார ஸ்டாண்டில் இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். டீக்கடைப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தால் எல்லாம் பார்க்கலாம், யாரும் நம்மைப் பார்க்க மாட்டார்கள்.

ஸ்டாண்டில் ஒன்பது ஜீப். எட்டு ஆண்கள், ஒச்சம்மா அக்கா. ஒன்று கவனித்தேன். மலையில் வண்டி உடைந்தால் கடை கிடையாது. எல்லா உதிரிப் பாகத்தையும் ஒரே வண்டியில் தூக்கிக்கொண்டு திரியவும் முடியாது. அதனால் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரு வண்டியில் பெரிய ஜாக்கி, ஒன்றில் போல்டுகள், ஒன்றில் விசிறிப் பெல்ட். ஸ்டாண்டுத் தலைவர் செல்லாண்டி அண்ணன் வண்டியில் மெயின் பட்டை. எவன் வண்டி நின்றாலும் எல்லோரும் வந்து சேர்ந்தால்தான் ஒரு வண்டி புறப்படும். நின்ற வண்டியைத் தாண்டி யாரும் போகக்கூடாது என்பது ஸ்டாண்டுச் சட்டம்.

அக்கா வண்டியில் மட்டும் ஒன்றும் இல்லை. அவர் இங்கே ஓட்ட வந்து எட்டு மாதம். இன்றும் கேட்டார்.

"அண்ணே, நா எதச் சொமக்கட்டும்?"

"நீ பாட்டுக்கு ஓட்டுத்தா. பெறகு பாப்பம்," என்றார் செல்லாண்டி அண்ணன். கெட்ட எண்ணத்தில் இல்லை. விருந்துக்கு வந்தவர்களைப் பாத்திரம் கழுவவிடாததுபோல.

அக்கா சிரித்தபடி வண்டியில் ஏறினார். ஏறி, இல்லாத தூசியைத் துடைத்தார்.

மே 22, வியாழன்

உடைந்துவிட்டது.

காலை பத்தரைக்கு ஓடையைக் கடந்து ஏறும்போது 'டங்' என்று ஒரு சத்தம். பாத்திரக்கடையில் அண்டா விழுந்ததுபோல. உடனே ஜீப்பின் இடது பின்புறம் தரையைப் பார்த்துச் சாய்ந்தது. உள்ளே அக்கா, நான், ரேஷன் அரிசி ஆறு மூட்டை, யாரோ ஒருவரின் கட்டில். கட்டில் என் மடிக்கு வந்துவிட்டது.

அக்கா இறங்கிக் கீழே படுத்துப் பார்த்தார். முழங்கையில் சேறோடு எழுந்து, "மெயின் பட்டை முறிஞ்சிருச்சு தாயி," என்றார். வீட்டில் சர்க்கரை தீர்ந்துவிட்டது என்பதுபோலச் சொன்னார்.

நானும் குனிந்து பார்த்தேன். வில்லைப்போல வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நடுவில் இறுக்கியிருக்கிறார்கள். எல்லாவற்றையும்விட நீளமானது மெயின் பட்டை. வண்டியின் உடம்பையும் சக்கரத்தையும் சேர்த்துப் பிடித்திருப்பது அதுதான். அது முறிந்த இடம் உள்ளே சாம்பல் நிறத்தில் சர்க்கரைக் கட்டிபோல இருந்தது. கையை வைத்தேன், சுட்டது.

முதலில் வந்தது ஸ்டாண்டில் ஓட்டும் கறுத்தப்பாண்டி. அவனுக்கும் இந்தப் பள்ளிக்கூடச் சவாரி மேல் ஆசை இருந்தது, எனக்குத் தெரியும். ஓடைப் பக்கமாக இறக்கி ஏற்றினால் அவன் வண்டி தாண்டிப் போயிருக்கலாம். அவன் அந்தப் பக்கம் பார்த்தான், எங்களைப் பார்த்தான், இன்ஜினை நிறுத்தினான். "சட்டம்னா சட்டந்தேன்," என்று சொல்லிவிட்டுப் போல்டுப் பெட்டியை இறக்கினான். பதினொன்றரைக்கு ஜாக்கி வந்தது. பட்டையோடு செல்லாண்டி அண்ணன் வந்தபோது மணி இரண்டு. அதற்குள் அக்கா மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டி எல்லோருக்கும் கடுங்காப்பி போட்டுவிட்டார்.

பிறகு எட்டு ஆண்களும் ஜீப்பைச் சுற்றி நின்றார்கள். எட்டுப் பேர், ஒன்பது யோசனை. இரண்டு பேர் கல்லைப் பின்னால் வை என்றார்கள், ஒருவர் முன்னால் என்றார். அக்கா ஏதோ சொல்ல வந்தார். "நீ தள்ளி நில்லுத்தா, காலுல கீலுல விழுந்துரப் போகுது," என்றார்கள். வண்டிக்குச் சொந்தக்காரர் தள்ளி நின்றார்.

செல்லாண்டி அண்ணன் புதுப் பட்டையைத் தூக்கி ஒருமுறை இப்படித் திருப்பினார், ஒருமுறை அப்படித் திருப்பினார். எதுவோ கேட்டார். யார் காதிலும் விழவில்லை, எல்லோரும் ஜாக்கியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போது மழை பிடித்தது. "மாட்டுண்ணே, நனையிறோம்," என்றான் கறுத்தப்பாண்டி. அவர் மாட்டினார்.

நாலரை மணிக்கு ஒன்பது வண்டியும் வரிசையாக ஏறின. கல்யாண ஊர்வலம்போல இருந்தது.

மே 23, வெள்ளி

சுடிதாரில் கிரீஸ். மண்ணெண்ணெய் போட்டும் போகவில்லை.

மே 24, சனி

ஓடையில் தண்ணீர் கூடியிருந்ததால் அக்கா என்னை இறங்கி நடந்து வரச் சொன்னார். ஜீப் முன்னால் போக, நான் பின்னால் ஈர மண்ணைப் பார்த்துக்கொண்டே போனேன்.

நேராகப் போகும் ஜீப் மண்ணில் இரண்டு கோடு போடும். பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்திலேயே உருளும். எங்கள் ஜீப் நாலு கோடு போட்டிருந்தது. தலை நிமிர்ந்து பார்த்தேன். தெருநாய் ஓடும்போது பின்னுடம்பு சற்று ஒருபக்கமாக வருமே, அப்படிப் போய்க்கொண்டிருந்தது வண்டி.

ஏறி உட்கார்ந்தேன். அக்கா, "என்ன தாயி, எதையோ தொலைச்ச மாதிரி வார?" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

மே 25, ஞாயிறு

அம்மா போன் செய்தாள். அவள் போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கிறாள், இருபது வருடமாக. மதுரைக்குக் கடிதம் அனுப்பிவிட்டாயா என்று கேட்டாள். எங்கள் வீட்டில் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு வேலைக்குப் போகும் முதல் ஆள் நான். அவள் அந்தக் கடிதத்தைப் பற்றித் தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்.

"ஜோதி, அங்கன மழையில கெடந்து என்னாத்தா பண்ற?"

சக்கரத்தைப் பார்க்கிறேன் என்று சொல்ல முடியவில்லை. தபால்பெட்டி தூரம் என்றேன். தூரம்தான்.

மே 26, திங்கள்

காபி காயவைக்கும் களம் ஊரிலேயே சமமான தரை. ஜீப் அங்கே நின்றது. அக்கா சாப்பிடப் போயிருந்தார். கையில் அளக்க ஒன்றும் இல்லை. பையில் மதுரைக் கடிதம்தான் இருந்தது. நீளமான நல்ல கெட்டித் தாள். அதை நாலாக மடித்து, வலது பின்சக்கரத்துக்கும் அதன் முன்னால் இருக்கும் தகரத்தின் விளிம்புக்கும் இடையில் வைத்து நகத்தால் குறித்தேன். பிறகு இடதுபக்கம் போய் வைத்தேன்.

இடதுசக்கரம் இரண்டு விரற்கடை முன்னால் இருந்தது.

மூன்றுமுறை அளந்தேன். மூன்றுமுறையும் இரண்டு விரல்.

மெயின் பட்டையின் நடுத்துளை நட்டநடுவில் இருப்பதில்லை போலிருக்கிறது. வலதுபக்கப் பட்டையில் துளைக்கு முன்னால் நீளம் அதிகம், பின்னால் குறைவு. இடதுபக்கம் அதற்குத் தலைகீழ். எட்டுப் பேர் சேர்ந்து பட்டையைத் திருப்பி மாட்டியிருக்கிறார்கள்.

சொல்ல வேண்டும். எப்படி என்று எழுதிப் பார்த்தேன்.

அக்கா, ஒரு சின்ன விஷயம்.

அக்கா, நான் தப்பாகவும் இருக்கலாம்.

அக்கா, உங்கள் ஜீப் தெருநாய்போல ஓடுகிறது.

மூன்றும் சரியில்லை. நான் விலங்கியல் படித்தவள். அவர்கள் முப்பது வருடம் இரும்போடு இருப்பவர்கள்.

கடிதத்தில் கிரீஸ் பட்டுவிட்டது. கட்டம் இருக்கும் இடத்தில்.

மே 27, செவ்வாய்

சொல்லவில்லை.

மே 28, புதன்

மலர்க்கொடி வீட்டுக்குப் போனேன். பன்னிரண்டு வயது, இரண்டு வருடமாக வீட்டில் இருக்கிறாள். பைக்குள் நோட்டு, பென்சில் எல்லாம் எடுத்துவைத்துவிட்டாள். திறந்து காட்டி, மூடி, மறுபடி திறந்து காட்டினாள். ஜன்னலோர இடம் தனக்கு என்று மற்றப் பத்துப் பேரிடமும் சொல்லிவைத்திருக்கிறாளாம். ஜீப்பில் ஜன்னலே கிடையாது. அதைச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

சாயங்காலம் அக்கா வலது தோளில் நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். நாலு நாளாக வலியாம். ரோடு ஒருபக்கம் சரிந்திருக்கிறது, ஸ்டியரிங்கை இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது என்றார். ரோடு எட்டு மாதமாக அப்படியேதான் சரிந்திருக்கிறது. எட்டாத இடத்தில் நான் தேய்த்துவிட்டேன். வாய் வரை வந்தது. எண்ணெய்க் கிண்ணத்தை மூடி வைத்தேன்.

மே 29, வியாழன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் மேல்சுனையிலிருந்து ஸ்டாண்டுக்கு இறங்கினோம். நாளைக்கு அதிகாரி வருவதால் வண்டியைக் கழுவி வைக்கலாம் என்று. ஓடைக்கு முன்னால் ஒரு வளைவில் மட்டும் பள்ளம் இடதுகைப் பக்கம் வரும். அங்கே வண்டி தானாக இடதுபக்கம் இழுத்தது. அக்கா இரண்டு கையாலும் வலதுபக்கம் திருப்பினார். சக்கரம் விளிம்பை உரசி ஒரு கல்லைத் தள்ளிவிட்டது. அந்தக் கல் கீழே விழும் சத்தத்துக்குக் காத்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்துக் கேட்டது.

அக்கா வண்டியை நிறுத்தினார்.

"அக்கா, பின்சக்கரம் நடுவுல இல்ல," என்றேன். எழுதிப் பார்த்த எதுவும் இல்லை. அதுவாக வந்தது.

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "தெரியும் தாயி," என்றார்.

"தெரியுமா?"

"ஓட்டுறவளுக்குத் தெரியாதா? மாட்டுன அன்னைக்கே தெரியும். எட்டுப் பேரு மழையில நனைஞ்சு மாட்டிக் குடுத்தாக. அதப் போயி நொட்டை சொன்னா, மறுக்கா எவன் நிப்பான்? இவள எதுக்குச் சேத்தோம்னு ஆகிரும்."

ஐந்து நாளாக இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே விஷயத்தைச் சொல்லாமல் வந்திருக்கிறோம். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. கொஞ்சம் அழுகிற மாதிரிச் சிரித்தார்.

"திங்கக்கெழம பதினொரு பிள்ளைக ஏறும்," என்றேன்.

"ஏறும்," என்றார். "அதுக்குத்தேன் ராத்திரி கண்ணு மூடல."

"நா சொல்றேன்."

"நீயா?" என்று கேட்டார். இளப்பமாக இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

ஸ்டாண்டில் எட்டுப் பேரும் இருந்தார்கள். டீக்கடை வானொலி பாடிக்கொண்டிருந்தது. பெஞ்சின் ஓரத்தில் உட்காராமல் நேராக நடந்து செல்லாண்டி அண்ணன் முன்னால் போய் நின்றேன். காது சூடாக இருந்தது. மதுரைக் கடிதத்தை நீட்டினேன்.

"அண்ணே, வலது சக்கரம் இந்தக் கோடு. இடது சக்கரம் இந்தக் கோடு. ரெண்டு விரக்கடை வித்தியாசம்."

கறுத்தப்பாண்டி கடிதத்தை எட்டிப் பார்த்தான். "டீச்சர், இது மதுரை கம்பெனி ஆர்டர்ல? இதுலயா அளந்தீக? கம்பெனிக்காரன் பாத்தா வேலைய ரெண்டு மடங்காக் குடுப்பான்." எல்லோரும் சிரித்தார்கள். என்னை இங்கே டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் டீச்சர் இல்லை என்று சொல்ல நேரம் வாய்க்கவில்லை.

செல்லாண்டி அண்ணன் சிரிக்கவில்லை. கடிதத்தை வாங்கிக்கொண்டு ஜீப்பின் பக்கத்தில் மண்டியிட்டார். வலதுபக்கம் வைத்தார். எழுந்து சுற்றி வந்து இடதுபக்கம் வைத்தார். மறுபடி வலதுபக்கம் போனார். யாரோ வானொலியை நிறுத்தினார்கள்.

பிறகு ஆரம்பித்தது. சின்னப் பக்கம் முன்னால் என்று சொன்னது நீதான், இல்லை நீதான், நான் ஜாக்கியில் இருந்தேன், நான் கல் பொறுக்கப் போயிருந்தேன். அன்றைக்கு அந்த ஓடையில் ஒருவருமே இல்லை என்பதுபோல ஆகிவிட்டது.

"விடுங்கடா," என்றார் செல்லாண்டி அண்ணன். "எங்கைதேன் மாட்டுச்சு." அக்காவைப் பார்த்தார். "ஒரு வாரமா இத இழுத்துப் பிடிச்சா ஓட்டுன? சொல்ல வேண்டியதுதான ஒச்சம்மா?"

அக்கா தரையைப் பார்த்தார். "தள்ளி நிக்கச் சொன்னீகள்லண்ணே," என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

செல்லாண்டி அண்ணன் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வண்டிக்குக் கீழே போனார். போனவர் தலையையும் கையிலிருந்த ஸ்பேனரையும் வெளியே நீட்டி, "இந்தவாட்டி ஒச்சம்மா ஸ்பேனர் பிடிக்கட்டும். டீச்சர் மட்டும் பேசட்டும். மத்தவன் எவனாச்சும் வாயத் தொறந்தா இதாலயே போட்ருவேன்," என்றார்.

ஏழு ஆண்கள் வாயை மூடிக்கொண்டு நிற்பதை முதல்முறையாகப் பார்த்தேன். கறுத்தப்பாண்டிக்குத்தான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. கையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தான். அக்கா போல்டைக் கழற்றினார், பட்டையைத் திருப்பினார், இறுக்கினார். நான் குனிந்து பார்த்து, இன்னும் கொஞ்சம் பின்னால், வலதுபக்கம் பாருங்கள், அந்தப் போல்டு சரியாக உட்காரவில்லை, போதும், சரி என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். மூன்று மணி நேரம். எத்தனை வாக்கியம் என்று எண்ணவில்லை. தொண்டை கட்டிவிட்டது.

மே 30, வெள்ளி

அதிகாரி ஒன்பது மணிக்கு வந்தார். முதலுதவிப் பெட்டி இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. பக்கவாட்டில் கம்பி வேண்டும் என்றார். நேற்றே கட்டியாகிவிட்டது. முன்சீட்டில் உட்கார்ந்தார். ஓடையில் கண்ணை மூடிக்கொண்டார். அந்த வளைவில் மறுபடி மூடிக்கொண்டார். அக்கா ஒரு கையால் ஓட்டிக்கொண்டே இன்னொரு கையால் அவருக்குத் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்தார்.

ஓடையில் நான் வேண்டுமென்றே இறங்கிப் பின்னால் நடந்தேன். இரண்டு கோடு.

மேல்சுனையில் பானெட்டின் மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். மலர்க்கொடி அந்தக் கையெழுத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். திரும்பி இறங்குவதற்கு முன்னால், இதைவிட நல்ல வழி வேறு இல்லையா என்று அதிகாரி கேட்டார். "இதுதேன் சார் நல்ல வழி," என்றார் அக்கா.

மே 31, சனி

ஸ்டாண்டில் புது மெயின் பட்டை வாங்கியிருந்தார்கள். அடுத்து எவன் வண்டி முறிந்தாலும் மாட்டுவதற்கு. செல்லாண்டி அண்ணன் வெள்ளைப் பெயின்ட் டப்பாவையும் ஒரு தூரிகையையும் என்னிடம் நீட்டி, முன்னால் வர வேண்டிய முனையில் தெளிவாக எழுதச் சொன்னார். எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். 'முன்' என்று எழுதினேன். பட்டம் வாங்கிய பிறகு நான் எழுதியதில் இதைத்தான் அதிகம் பேர் படிக்கப் போகிறார்கள்.

பெயின்ட் காய்ந்ததும் அவர் பட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். தன் வண்டிக்குப் போகவில்லை. அக்கா வண்டியின் பின்சீட்டுக்குக் கீழே தள்ளிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு, "கனமா இருக்கும். பாத்துக்க," என்றார்.

அக்கா, சரிண்ணே என்றார். உள்ளே ஏறி, இல்லாத தூசியைத் துடைத்தார்.

சாயங்காலம் அம்மா போன் செய்தாள். இன்றுதானே கடைசி நாள் என்றாள். கடிதம் செல்லாண்டி அண்ணனின் சட்டைப்பையில் இருக்கிறது. வியாழக்கிழமையே கேட்டு வாங்கியிருக்கலாம். வேலை மும்முரத்தில் மறந்துவிட்டேன். இன்றும் இரண்டு மணி நேரம் அவர் பக்கத்திலேயே நின்றேன், ஞாபகம் வரவில்லை.

அப்படித்தான் அம்மாவிடம் சொன்னேன். அவள், "சாப்ட்டியா?" என்றாள்.

ஜூன் 2, திங்கள்

ஏழேகாலுக்குப் பதினொரு பேரும் வந்துவிட்டார்கள். எல்லோர் தலையிலும் எண்ணெய். ஜன்னல் இல்லை என்பதை மலர்க்கொடி பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓரத்தில் உட்கார்ந்துவிட்டு, சீட்டுக்குக் கீழே இரும்பு கிடக்கிறது, கால் வைக்க இடமில்லை என்று புகார் சொன்னாள். குனிந்து பார்த்து எழுத்துக்கூட்டி, "முன்," என்று படித்தாள்.

"இது என்ன டீச்சர்?"

சொல்ல ஆரம்பித்தேன். ஓடை வரும்வரை சொன்னேன். ஓடையில் எல்லோரையும் இறக்கி நடக்கவிட்டபோது ஈர மண்ணைக் காட்டி மிச்சத்தையும் சொன்னேன். பதினொரு பேரும் குனிந்து கோடுகளை எண்ணினார்கள். மேட்டில் வண்டியை நிறுத்தியிருந்த அக்கா ஹாரன் அடித்தார்.

"ஏத்தா ஜோதி, கதைய நிப்பாட்டு. மொத நாளே பெல்லு அடிச்சிரும்."